இந்த வயசுலயா?

“காலையில எழுந்திருச்சதும் கை கால் பழையபடி ஓட்டத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகுதும்மா?”

ஒரு மருத்துவர் என்னிடம் இதைக் கேட்டபோது எனக்கு 24 வயது. வலி தொடங்கி 14 மாதங்கள் ஆகியிருந்தன. அதற்குள் நான்கு மருத்துவர்களைப் பார்த்திருந்தேன். நான்கு பேரும் முதலில் கேட்டது வயதை. சொன்னதும் விசாரணை அதோடு முடிந்துவிடும். “இந்த வயசுலயா மூட்டுவலி? சத்துக் குறைவா இருக்கும். காலை வெயில்ல நில்லு, பால் குடி.” கால்சியம் மாத்திரையும் வலி மாத்திரையும் எழுதிய சீட்டோடு வெளியே வருவேன். ஐந்தாவதாகப் பார்த்த மூட்டுவாத மருத்துவர் என் வயதைச் சீட்டில் ஒருமுறை பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். அவர் கேட்டது நேரத்தை.

என்னிடம் பதில் தயாராக இருந்தது. ஐந்தரைக்கு எழுந்தால் ஏழரை வரை விரல்கள் என் சொல் கேட்காது. பற்பசை மூடியைப் பல்லால் கடித்துத் திறப்பேன். பால் சொம்பை விரலால் பிடிக்க முடியாமல் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் அணைத்துத் தூக்குவேன். சுடிதாரின் முதுகு ஜிப்பை அம்மாதான் இழுத்துவிடுவார். குளியலறையில் வாளி வெந்நீருக்குள் இரு கையையும் அமிழ்த்தி உட்கார்ந்திருந்தால் எட்டு மணிவாக்கில் மெல்ல இளகும். ஒன்பதரைக்கு நான் அலுவலகப் படியேறும்போது பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. மாலை ஆறு மணிக்கு கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்காரும்போதும் தெரியாது. நம் ஊர்களில் தனியார் மருத்துவர்கள் பெரும்பாலும் மாலையில்தான் பார்க்கிறார்கள். இந்த நோயோ விடிகாலையில் வந்து, வெயில் ஏறியதும் ஒளிந்துகொள்வது. அதனால் கேட்டால்தான் தெரியும்.

அந்தக் கேள்விக்குள் அரை நூற்றாண்டு மருத்துவ அனுபவம் இருக்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. வயதானவர்களுக்கு முழங்காலில் வருவது பெரும்பாலும் தேய்மானம். எலும்பு முனையை மூடியிருக்கும் குருத்தெலும்பு மெலிந்துபோவது அது. அவர்களுக்கும் காலையில் விறைப்பு உண்டு. ஆனால் எழுந்து நாலு எட்டு வைத்தால் சரியாகிவிடும், பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள். நடக்க நடக்க வலி கூடும், உட்கார்ந்தால் குறையும். எனக்கு வந்திருந்த முடக்குவாதத்தில் இது தலைகீழ். மூட்டின் உள்ளுறையை உடம்பின் சொந்த எதிர்ப்புப் படையே தாக்குகிறது. உறை வீங்கித் தடித்து, பக்கத்து எலும்பை அரிக்கத் தொடங்குகிறது. இரவெல்லாம் அசையாமல் கிடந்த மூட்டில் நீர் தேங்கும். அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்கள் விடிகாலையில்தான் இரத்தத்தில் உச்சத்துக்குப் போகின்றன. அதனால்தான் மணிக்கணக்கில் விறைப்பு. 1987-இல் அமெரிக்க வாதநோய்ச் சங்கம் வகுத்த முடக்குவாத அளவுகோலில் ‘குறைந்தது ஒரு மணி நேரக் காலை விறைப்பு’ என்பது ஒரு தனி அம்சமாகவே இருந்தது. 2010-இல் புதிய அளவுகோல் வந்தபோது அது பட்டியலிலிருந்து போய்விட்டது. நல்ல மருத்துவர்கள் இன்றும் கேட்கிறார்கள்.

தமிழில் இரண்டுக்கும் ஒரே பேர்தான்: மூட்டுவலி. பாட்டிக்கு வருவதும் மூட்டுவலி, பேத்திக்கு வருவதும் மூட்டுவலி. பேர் ஒன்றாக இருப்பதால் பேத்தியின் நோய் பாட்டியிடமிருந்து இரவல் வாங்கியது போல ஆகிவிடுகிறது. ‘வாதம்’ என்று சொன்னாலும் கதை அதுதான். ஆனால் இந்தச் சொல்லுக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. சித்த மருத்துவம் மனித ஆயுளை மூன்றாகப் பிரித்து, முதற்பகுதியை வாதத்துக்கும் நடுப்பகுதியைப் பித்தத்துக்கும் கடைப்பகுதியைக் கபத்துக்கும் கொடுக்கிறது. ஆயுர்வேதத்தில் இந்த வரிசை நேர்மாறு, அங்கே முதுமைதான் வாதத்தின் காலம். சித்தர்கள் சொல்லும் வாதமும் இன்றைய முடக்குவாதமும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை, அப்படிச் சொல்வது தவறு. ஆனால் வாதம் என்றாலே கிழவர் கிழவி என்று நினைக்கும் பழக்கம் நம் சொந்த மருத்துவ மரபிலிருந்து வந்ததில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முடக்கத்தான் தோசை வார்க்கிற வீடுகளில் அந்தக் கீரையின் முழுப்பேர் ‘முடக்கு அறுத்தான்’ என்பதை யாராவது சொல்லியிருப்பார்கள். முடங்கிப் போவது என்ற சொல்லுக்குள்ளும் வயது இல்லை.

நவீன மருத்துவத்தின் ஏட்டைப் புரட்டினால் இன்னும் வியப்பாக இருக்கிறது. முடக்குவாதத்துக்கு இன்று நாம் ஆங்கிலத்தில் வழங்கும் ‘ருமடாய்டு ஆர்த்ரைட்டிஸ்’ (ஆர்.ஏ.) என்ற பேரை 1859-இல் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் கேரட் வைத்தார். அடுத்த நாற்பதாண்டுக்குள் 1897-இல் ஜார்ஜ் ஃபிரடெரிக் ஸ்டில் என்ற இளம் மருத்துவர், லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் தாம் ஆராய்ந்த 22 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். மூட்டு வீக்கம், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், நெறிகட்டு, மண்ணீரல் பெருக்கம். பெரியவர்களுக்கு வருவதிலிருந்து இது வேறுபட்டது என்று அவர் அன்றே வாதிட்டார். கட்டுரை வந்தபோது ஸ்டிலுக்கே முப்பது நிரம்பவில்லை. ஆக, குழந்தைகளுக்கும் நாட்பட்ட மூட்டழற்சி வரும் என்பது மருத்துவ உலகத்துக்குத் தெரிந்து 125 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எங்கள் தெருமுனை கிளினிக்குக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

1948 செப்டம்பர் 21 அன்று அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் நடந்ததை வாதநோய் வரலாறு எழுதுகிற எல்லோரும் எழுதுவார்கள். படுக்கையில் புரளக்கூட முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு, அட்ரினல் சுரப்பியிலிருந்து பிரித்தறியப்பட்டு அப்போது ‘காம்பவுண்டு ஈ’ என்று அழைக்கப்பட்ட பொருளை பிலிப் ஹென்ச் குழுவினர் ஊசியாகச் செலுத்தினார்கள். சில நாளில் அவர் எழுந்து நடந்தார். ஒரு வாரம் கடந்ததும் கடைவீதிக்கே போய்வந்தார். அந்தப் பொருள்தான் கார்ட்டிசோன். இரண்டாண்டில் நோபல் பரிசு வந்தது. அந்தப் பெண்ணின் வயதைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். அவருக்கு 29. ஹென்ச்சுக்கு இந்த யோசனை வந்த வழியும் கவனிக்கத்தக்கது. முடக்குவாதம் உள்ள பெண்கள் கருவுற்றால் வீக்கம் வற்றிப்போவதையும், பிள்ளை பிறந்த சில வாரங்களில் திரும்புவதையும் அவர் 1930-களில் பதிவு செய்திருந்தார். உடம்புக்குள்ளேயே இந்த நோயை அடக்கும் பொருள் ஏதோ இருக்க வேண்டும் என்ற ஊகத்துக்கு அது ஒரு முக்கியத் தடயம். கருவுறும் வயதில் இருந்த பெண்களின் உடம்பிலிருந்து கிடைத்த தடயம் என்றால், ‘வயதானவர் நோய்’ என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

அதே 1948, ஆகஸ்ட்டில், நியூயார்க்கில், இந்த நோயின் இன்னொரு மருந்துக்கு வழிவகுத்த எல்லாப்பிரகட சுப்பாராவ் இறந்துபோனார். மெட்ராஸ் மாகாணத்து பீமவரத்தில் 1895-இல் பிறந்து, மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் படித்தவர். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதராடை உடுத்திப் போனது அறுவை மருத்துவப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்க வேண்டியவருக்கு அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டம்தான் கிடைத்தது. 1920-களில் அமெரிக்கா போய் ஹார்வர்டிலும், பிறகு லெடர்லி ஆய்வுக்கூடத்திலும் வேலை செய்தார். அவர் குழு 1940-களில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. கூடவே, ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவம் காட்டி உயிரணுக்களை ஏமாற்றும் எதிர்ப்பொருள்களையும் உருவாக்கியது. இரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு மருத்துவர் சிட்னி ஃபார்பர் கொடுத்தது அவற்றில் ஒன்றை. அதன் உடன்பிறப்புதான் மெத்தோட்ரெக்சேட். 1951-இலேயே இந்த வகை மருந்து மூட்டழற்சிக்கும் பயன்படுகிறது என்று ஒரு கட்டுரை வந்தது. கார்ட்டிசோன் மயக்கத்தில் இருந்த மருத்துவ உலகம் அதைக் கண்டுகொள்ளவில்லை. 1985-இல்தான் பெரியவர்களிடம் முறையான சோதனை முடிவு வெளியானது, 1988-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளுக்கும் பலனளிக்கிறது என்று 1992-இல் ஓர் அமெரிக்க–சோவியத் கூட்டு ஆய்வு காட்டியது.

இன்று முடக்குவாதம் என்று உறுதியானவர்களுக்கு முதலில் எழுதப்படும் மருந்து பெரும்பாலும் இதுவே. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் மெத்தோட்ரெக்சேட். அதன் பக்கவிளைவைத் தணிக்க வேறு நாளில் ஃபோலிக் அமிலம். இரண்டும் சுப்பாராவின் ஆய்வுக்கூடத்தோடு தொடர்புள்ளவை. எனக்கு செவ்வாய்க்கிழமை. அம்மா நாட்காட்டித் தாளில் ஒவ்வொரு செவ்வாயையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைப்பார், விழுங்கியதும் வட்டத்தின் மேல் கோடு இழுப்பார். இந்த மாத்திரையைத் தவறுதலாகத் தினம் ஒன்று என்று சாப்பிட்டு, வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. மருந்துக்கடையில் உறை மேல் ‘1–0–0’ என்று கைப்பழக்கத்தில் எழுதிக் கொடுத்தால் ஒரு உயிர் போகலாம். எழுதித் தருகிறவர்கள் கிழமையின் பெயரைத் தமிழில் எழுத வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

இனி, தாமதம் எப்படி நேர்கிறது என்பதைப் பார்க்கலாம். முடக்குவாதத்தில் எலும்பரிப்பு முதல் இரண்டு ஆண்டுகளிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் மூன்று மாதத்துக்குள் சரியான மருந்தைத் தொடங்கியவர்களுக்கு நோய் அடங்கிப்போகும் வாய்ப்பு கணிசமாகக் கூடுதல். பின்னால் எவ்வளவு நல்ல மருந்து கொடுத்தாலும் அரித்துப்போன எலும்பு திரும்பாது. என் வலது கை நடுவிரல் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு 14 மாதத்தின் அடையாளம்.

தாமதத்துக்கு முதல் காரணம் வயது பற்றிய நினைப்பு. முடக்குவாதம் அதிகமாகத் தொடங்குவது 30-க்கும் 50-க்கும் இடையில். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். தில்லிக்கு அருகே கிராம மக்களிடையே எடுக்கப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வு, பெரியவர்களில் 0.75 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதாகக் கண்டது. கேட்கச் சின்ன எண். நாட்டின் மக்கள்தொகையோடு பெருக்கினால் பல லட்சம் பேர், அவர்களில் பெரும்பகுதி வேலை பார்க்கிற, பிள்ளை வளர்க்கிற வயதுப் பெண்கள். இரண்டாவது காரணம் இரத்தப் பரிசோதனை மேல் வைக்கும் அளவுகடந்த நம்பிக்கை. ‘ஆர்.ஏ. ஃபேக்டர் நெகடிவ், ஒண்ணுமில்ல’ என்று அனுப்பிவிடுவார்கள். நோய் இருந்தும் அந்தப் பரிசோதனை எதிர்மறையாக வருபவர்கள் நிறைய. குழந்தைகளின் மூட்டழற்சியில் அது நேர்மறையாக வருவது நூற்றுக்கு ஐந்து பேருக்குத்தான். மூன்றாவது காரணம் நம் மண்ணுக்கே உரியது. 2006-இல் சிக்குன்குனியா தமிழ்நாட்டை உலுக்கியபோது வீட்டுக்கு வீடு மூட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சிலருக்கு அந்த வலி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடித்தது. அது உண்மை. ஆனால் அதன் பிறகு எந்த மூட்டுவீக்கத்தையும் ‘அந்தக் காய்ச்சல் வந்ததிலிருந்து’ என்று சொல்லித் தள்ளிப்போடும் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

ஆண்பிள்ளைகளுக்கு நடப்பது வேறு மாதிரி. முதுகெலும்பையும் இடுப்பு மூட்டையும் தாக்கும் ஒரு அழற்சி நோய் பதின்பருவத்தின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. 45 வயதுக்குப் பிறகு தொடங்குவது அரிது. வலி நடுராத்திரிக்கு மேல் எழுப்பிவிடும். படுத்தால் கூடும், எழுந்து நடமாடினால் குறையும். எச்.எல்.ஏ.–பி27 என்ற மரபணுக் கூறோடு இதற்கு உறவு உண்டு என்று 1973-இல் கண்டறிந்தார்கள். 50 ஆண்டுகள் கழித்தும், பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், முதல் வலியிலிருந்து நோயின் பேர் தெரிய ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆகின்றன. ஏழு ஆண்டுகள்! கல்லூரியில் சேர்ந்த பையன் கல்யாண வயதுக்கு வந்துவிடுவான். அதுவரை பைக் ஓட்டுவதால், கணினி முன் உட்காருவதால், மெத்தை சரியில்லாததால் என்று காரணம் சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெல்ட் கட்டிக்கொண்டு படுத்திரு என்பார்கள். அந்த முதுகுக்கு அசைவுதான் மருந்து, படுக்கை விஷம்.

தாமதத்தின் இன்னொரு விலை ஸ்டீராய்டு. நான் மருந்தைக் குறை சொல்லவில்லை. சரியான கையில் சரியான அளவில் அது உயிர் காக்கும். நோயின் பேர் தெரியாத நாட்களில் கைக்குக் கிடைப்பதை விழுங்குகிறோமே, அதுதான் ஆபத்து. மருந்துக்கடையில் கேட்டால் உறைக்குள் மூன்று நான்கு வண்ண மாத்திரைகளைப் போட்டுத் தருவார்கள், ‘ஒரு வேளையிலேயே கேட்கும்.’ கேட்கத்தான் செய்யும். மூலிகை என்று விற்கப்படும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதை மருத்துவ இதழ்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கின்றன. மாதக்கணக்கில் அப்படிப் போனால் எலும்பு உளுத்துப்போகும், கண்ணில் புரை விழும், சர்க்கரை ஏறும், இடுப்பு எலும்பின் தலைக்கு இரத்தம் போகாமல் அது செத்துப்போகும். முப்பது வயதில் கண்புரை அறுவையும் இடுப்பு மூட்டு மாற்றும் செய்துகொண்டவர்களை நான் சிகிச்சைக்குப் போகும் மருத்துவமனை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வயதுக்கு மீறிய நோய் என்று நம்பாமல் விட்டதால் வயதுக்கு மீறிய நோய்கள் வரிசையாக வந்துசேர்ந்தன.

மூட்டு மட்டும்தான் இப்படி என்றில்லை. நீரிழிவைப் பாருங்கள். ஒரு காலத்தில் அதன் இரு வகைகளுக்கும் வயதுதான் பேர்: ஒன்று இளம்பருவ நீரிழிவு, மற்றது முதிர்பருவ நீரிழிவு. இரண்டாவது வகை சின்னவர்களுக்கும் வருவதும், முதல் வகை பெரியவர்களுக்கும் வருவதும் தெளிவான பிறகு வயதைப் பேரிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1979-இல் இன்சுலின் தேவையை வைத்துப் பேர் சூட்டினார்கள், 1997-இல் அதையும் மாற்றி டைப் 1, டைப் 2 என்றாக்கினார்கள். பேர் மாறியது, நினைப்பு மாறவில்லை. நம் நாட்டில் அரசின் தொற்றாநோய்ப் பரிசோதனைத் திட்டம் 30 வயது நிரம்பியவர்களைத்தான் தேடிப் போகிறது. 22 வயதில் டைப் 2 வந்தவர் அந்த வலையில் விழமாட்டார். இளமையில் வந்தால் உடம்பு தாங்கும் என்ற நம்பிக்கையும் பொய். பிள்ளைப்பருவத்தில் டைப் 2 வந்தவர்களை அமெரிக்காவில் சராசரி 26 வயது வரை தொடர்ந்து பார்த்தபோது, அவர்களில் 60 விழுக்காட்டினருக்குக் கண்ணிலோ சிறுநீரகத்திலோ நரம்பிலோ ஏதாவது ஒரு பாதிப்பு வந்துவிட்டிருந்தது. 2021-இல் வெளியான முடிவு இது. ஐரோப்பியர்களைவிடக் குறைந்த உடல் எடையிலேயே, பத்து ஆண்டுகள் முன்னதாகவே நமக்குச் சர்க்கரை வந்துவிடுகிறது என்பது சென்னை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது. ஒல்லியாக இருக்கிற, மீசை முளைக்கிற பையனைப் பார்த்து ‘உனக்கா சர்க்கரை?’ என்று சிரிப்பதற்கு நமக்கு எந்த உரிமையும் இல்லை.

நோயைக் கண்டுபிடித்துவிட்ட பிறகு தொடங்குவது வேறொரு வாழ்க்கை. என் நோய் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. திங்கட்கிழமை மாடிப்படி ஏறுவேன், புதன்கிழமை வாசற்படி இறங்க முடியாது. பேருந்தில் முதியோர் இருக்கை காலியாக இருந்தாலும் உட்காரத் தயக்கம். உட்கார்ந்தால் நடத்துநர் பார்ப்பார், பாட்டி ஒருவர் ஏறினால் எல்லாக் கண்ணும் என் மேல் திரும்பும். எழுந்துவிடுவேன். கம்பியைப் பிடிக்க விரல் மடங்காது, முழங்கையை மடித்துக் கோத்துக்கொண்டு நிற்பேன். ‘பார்த்தா நல்லாத்தானே இருக்கே’ என்பதைப் பாராட்டாகச் சொல்கிறவர்களும் உண்டு, சந்தேகமாகச் சொல்கிறவர்களும் உண்டு. காதில் விழும்போது இரண்டும் ஒன்றுதான்.

சட்டத்துக்கும் இந்த ஏற்றவற்றம் புரியவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழாக இருந்த வகைகளை 21 ஆக்கியது. இரத்தம் உறையாமை, தலசீமியா, பார்க்கின்சன், மல்டிப்பிள் ஸ்க்ளிரோசிஸ் எல்லாம் பேர் சொல்லிச் சேர்க்கப்பட்டன, அது நல்ல வேலை. மூட்டழற்சி நோய்களின் பேர் அந்தப் பட்டியலில் இல்லை. மூட்டு கோணி, அசைவு குறைந்து, கைகால் இயக்கக் குறைபாடு 40 விழுக்காட்டைத் தொட்டால் சான்றிதழ் கிடைக்கும். அதாவது மருந்து வேலை செய்யாமல் போனவருக்குத்தான் சட்டம். மருந்தால் மூட்டைக் காப்பாற்றிக்கொண்டு, ஆனால் மாதத்தில் ஆறு நாள் எழ முடியாமலும், பாக்கி நாட்களில் சோர்வை இழுத்துக்கொண்டும் வேலைக்குப் போகிறவருக்கு அதில் இடமில்லை. இந்தச் சோர்வைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தூங்கினால் போகிற சோர்வு இல்லை அது. காய்ச்சலுக்கு முந்தைய நாள் உடம்பு கனக்குமே, அந்தக் கனம் வாரக்கணக்கில்.

கல்யாணப் பேச்சு வரும்போது வீடே மருந்துச் சீட்டுகளை ஒளித்துவைக்கிறது. இதில் உறவினர்களின் வாயைவிட அறியாமைதான் கெடுதல் செய்கிறது. முடக்குவாதக்காரர்கள் பிள்ளை பெற்று வளர்க்கலாம், வளர்க்கிறார்கள். ஆனால் மெத்தோட்ரெக்சேட் கருவுக்கு ஆகாது. கருவுறத் திட்டமிட்டால் மருத்துவரிடம் சொல்லி, பொதுவாக மூன்று மாதம் முன்பே அதை நிறுத்தி, கருவைப் பாதிக்காத வேறு மருந்துக்கு மாற வேண்டும். அப்படிப்பட்ட மருந்துகள் இருக்கின்றன. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்று மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும். ஒளித்துச் சாப்பிட்டுக்கொண்டே கருவுற்றால் அதைவிடப் பெரிய ஆபத்து. ஒளிக்க வைக்கிற சமூகம் இந்த இரண்டில் ஒன்றை அந்தப் பெண்ணின் தலையில் கட்டுகிறது. என் கணவரிடம் முதல் சந்திப்பிலேயே சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “எந்தக் கிழமை மாத்திரை?”

மருத்துவம் முன்னைக்கு எவ்வளவோ முன்னேறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். லண்டனில் ஆய்வாளர்கள் ஃபெல்ட்மனும் மைனியும் 1992-இல் அழற்சியைத் தூண்டும் ஒரே ஒரு புரதத்தை மட்டும் குறிவைக்கும் எதிர்ப்பொருளை முடக்குவாத நோயாளிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அதிலிருந்து ஒரு மருந்துக் குடும்பமே வளர்ந்தது. 2014-இல் அவற்றில் ஒன்றான அடாலிமுமாபின் ஒப்பு மருந்தை உலகிலேயே முதலாவதாக இந்திய நிறுவனம் ஒன்று குறைந்த விலையில் சந்தைக்குக் கொண்டுவந்தது. குறைந்த விலை என்றாலும் மாதச் சம்பளக்காரருக்கு மலைதான். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் இந்த ஊசிகளைத் தொடங்குமுன் உடம்புக்குள் உறங்கும் காசநோய்க் கிருமி இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், உறங்குவதை இவை எழுப்பிவிடும். மெத்தோட்ரெக்சேட் விலை குறைந்தது, எல்லா ஊரிலும் கிடைக்கும். எங்கள் பெஞ்சில் இருப்பவர்களில் பலருக்கு அதுவும் சில துணை மாத்திரைகளுமே போதுமாக இருக்கின்றன. உரிய நேரத்தில் தொடங்கியவர்களுக்கு. முன்பு இந்த வாய்ப்பு இல்லை. 1956-இல், முப்பதுகளின் தொடக்கத்தில், அறுவை மருத்துவர் கிறிஸ்டியன் பர்னார்டுக்கு முடக்குவாதம் என்று தெரிந்தது. பதினோரு ஆண்டு கழித்து, 1967 டிசம்பரில், கேப் டவுனில் உலகின் முதல் மனித இதய மாற்று அறுவையை அந்தக் கைகள்தான் செய்தன. நல்ல மருந்தெல்லாம் வருவதற்கு முந்தைய காலம் அது. 1983-இல் அதே கைகள்தான் அவரை அறுவை அரங்கிலிருந்து வெளியேற்றின.

போன மாதம் வழக்கமான இரத்தப் பரிசோதனை முடிவோடு போயிருந்தேன். இப்போதெல்லாம் என் காலை விறைப்பு பத்து நிமிடம்தான், காபி டம்ளரைப் பிடித்து உட்கார்ந்தால் போய்விடும். பெஞ்சில் பக்கத்தில் ஒரு அம்மாவும், நான்கு வயது இருக்கும் ஒரு பெண்குழந்தையும். குழந்தையின் வலது முழங்கால் மட்டும் பந்து மாதிரி உருண்டிருந்தது. அழவில்லை, பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. வளர்கிற வலி என்று ஒரு இடத்திலும், விழுந்து அடிபட்டிருக்கும் என்று இன்னோர் இடத்திலும் சொல்லி நான்கு மாதம் போய்விட்டதாம்.

“காலையில எழுந்ததும் எவ்வளவு நேரம் நொண்டுது?” என்று கேட்டேன்.

“மணியெல்லாம் பாக்கலக்கா. ஆறரைக்கு எழுப்புவேன். ஏழே முக்காலுக்கு ஸ்கூல் வேன் வரும். வேன் வர்ற வரைக்கும் இடுப்புலதான் வச்சிருப்பேன். கீழ விட்டா நிக்காது. சாயங்காலம் வந்தா ஓடும்.”

இந்த வயதில், ஒன்றிரண்டு மூட்டில் தொடங்கும் மூட்டழற்சி வகையில், சில குழந்தைகளுக்குக் கண்ணின் உள்ளே அழற்சி வருவதுண்டு. கண் சிவக்காது, வலிக்காது, நீர் வடியாது. பார்வை குறைவதைச் சொல்லக் குழந்தைக்குத் தெரியாது. கண் மருத்துவர் பிளவு விளக்குக் கருவியில் வைத்துப் பார்த்தால் மட்டுமே தெரியும், ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

“கண்ணைக் காட்டினீங்களா?” என்றேன்.

“கண்ணு நல்லாத்தானேக்கா இருக்கு?” என்று குழந்தையின் முகத்தைத் திருப்பிப் பார்த்தார். பெரிய, பளிச்சென்ற கண்கள். அதற்குள் அவர்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“கண்ணைப் பத்தியும் கேளுங்க. மறந்துடாதீங்க” என்றேன்.

அவர் பையைத் துழாவி ஒரு பேனாவை எடுத்து, உள்ளங்கையில் ‘கண்’ என்று எழுதிக்கொண்டு உள்ளே போனார்.